பாக்கெட்டின் முன்பக்கம் யாருடையது?

தூத்துக்குடிக்காரனுக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று எந்தப் பக்கம் போனாலும் பாத்தியும் அம்பாரமும்தான். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு; அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்து உப்பு. என் மாமா அந்த வியாபாரத்திலேயே தலை நரைத்தவர். ஒரு கை அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்து, காய்ந்த உப்பா, நேற்று வாரிய உப்பா என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு இப்போது பிரஷர். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து அத்தை குழம்பில் உப்பைப் பாதியாக்கிவிட்டாள். கருவாடு வீட்டுக்குள் நுழைவதில்லை, ஊறுகாய் ஜாடி மேல் பரணுக்குப் போய்விட்டது. ஆனால் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் மடியில் ஒரு மிக்சர் பாக்கெட். கேட்டால், "இது காரம்தானடே, உப்பா இருக்கு?" என்பார்.

அந்தப் பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் கடலைப்பருப்பும் முந்திரியும் வானத்திலிருந்து கொட்டுகின்றன. பின்பக்கத்தில், ஒட்டு மடிப்பை ஒட்டி, மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஓர் அட்டவணை. எழுத்தின் அளவு எறும்பு வரிசைதான். கண்ணாடியைக் கழற்றி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஒரு மாதிரியாகப் படித்தேன்: நூறு கிராமுக்கு சோடியம் 800 மில்லிகிராம்.

"சோடியம்னா என்னடே?"

"உப்புதான் மாமா. அந்த எண்ணை ரெண்டரையால பெருக்குங்க."

பெருக்கினார். வியாபாரி அல்லவா, மனக்கணக்குதான். நூறு கிராமுக்கு இரண்டு கிராம் உப்பு. பாக்கெட் நூற்றைம்பது கிராம். ஆக மூன்று கிராம். ஒரு மனிதன் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மாமா பாக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். "இதை முன்னாடி போடவேண்டியதுதானவே? பின்னாடி ஒளிச்சு வச்சா எவன் பார்ப்பான்?"

இந்தக் கேள்வியைத்தான் இந்த நாடு ஏழெட்டு வருஷமாகக் கமிட்டி போட்டு விவாதித்துக்கொண்டிருக்கிறது. 2018ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஒரு வரைவு வெளியிட்டது: கொழுப்பு, சர்க்கரை, உப்பு அளவுக்கு மேல் போனால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் சிவப்புக் கட்டம். கம்பெனிகள் கூச்சல் போட்டன. 2020ல் இறுதி விதி வந்தபோது சிவப்பைக் காணோம். 2022 செப்டம்பரில் வேறு ஒரு யோசனை வந்தது, அரை நட்சத்திரத்தில் தொடங்கி ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண். அதுவும் முதல் நான்கு வருஷம் விருப்பமிருந்தால் போடலாம் என்ற கணக்கு. 2024 ஜூலையில், சரி, பின்பக்க அட்டவணையிலேயே சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு மூன்றையும் தடித்த பெரிய எழுத்தில் போடுங்கள் என்று ஒரு முன்மொழிவுக்கு ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. 2025 ஏப்ரலில் ஒரு பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, நிபுணர் குழு மூன்று மாதத்தில் பரிந்துரை தரவேண்டும் என்று கெடு வைத்தது. ஜூலையில் கெடு இன்னொரு மூன்று மாதம் நீண்டது. தேர் நகர்கிற வேகம்கூட இல்லை.

இதற்கிடையில் ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. பாக்கெட்டில் ஒரு குறி போட்டால் மக்கள் பார்ப்பார்களா என்ற சந்தேகத்துக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது: பச்சைப் புள்ளி. படிக்கத் தெரியாத ஆச்சிகூட பிஸ்கட் பாக்கெட்டில் அதைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். அமாவாசை அன்று கேக் வாங்க வந்தவர் எழுத்து எதையும் வாசிக்காமல் புள்ளியை மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டு போவார். ஒரு நொடி வேலை. சைவமா, அசைவமா என்ற கேள்வி வாங்குகிறவர் மனதில் ஏற்கெனவே இருந்தது, புள்ளி அதற்குப் பதில் சொன்னது. சர்க்கரைக்கும் உப்புக்கும் அந்தக் கேள்வியே இல்லாதவர்களிடம்தான் குறி பேசவேண்டியிருக்கிறது. ஆகவே அது பச்சைப் புள்ளியைவிடக் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசியாகவேண்டும்.

சத்தமாகப் பேசுகிற குறி ஒன்றை முதலில் நான் பார்த்தது பனிமய மாதா கோவில் திருவிழா சமயத்தில். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிற எங்கள் சித்தி ஒருத்தி வந்திருந்தாள். ஜூலை 26ல் கொடி ஏறினால் ஆகஸ்ட் 5 வரை கொழும்பிலிருந்து வருகிற சொந்தங்களுக்குக் குறைவிருக்காது. எங்கள் கடற்கரைக் குடும்பங்களில் பாதிக்கு அக்கரையில் ஒரு கால் உண்டு. (2011ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார்கள், ஜூனில் தொடங்கி நவம்பரோடு நின்றுபோனது. அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு புலம்பலாம்.) சித்தி பையிலிருந்து பிள்ளைகளுக்கென்று எடுத்த சர்பத் பாட்டிலில், பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்பு வட்டம். நூறு மில்லிக்கு இத்தனை கிராம் சீனி என்று எண்ணும் போட்டிருந்தது.

இலங்கையில் 2016 ஆகஸ்டிலிருந்து இது சட்டம். பானத்தில் நூறு மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2லிருந்து 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. அடுத்த வருஷம் நவம்பரில், பானத்தில் உள்ள சீனிக்கு கிராமுக்கு 50 சதம் வரியும் வந்து சேர்ந்தது.

"அங்க யாராவது பார்த்து வாங்குறாங்களா சித்தி?"

"சிவப்பு இருந்தா புள்ளைகளுக்கு எடுக்கமாட்டோம். மஞ்சள்னா சரின்னு விட்டுருவோம். இப்ப எல்லாம் மஞ்சளாத்தான் வருது, முன்ன சிவப்பா இருந்ததுகூட."

அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் சிக்கிக்கொண்டது. அதை யோசித்துப் பார்த்தால் லேபிளின் குணம் முழுக்கப் புரிந்துவிடும், நல்லதும் கெட்டதும். சிவப்பு வட்டத்தோடு அலமாரியில் உட்கார எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. சீனியைக் குறைத்து 11க்குக் கீழே இறங்கிவிடுவார்கள். அது லாபம்தான். ஆனால் எல்லை எங்கே இருக்கிறதோ அங்கேதான் போய் நிற்பார்கள், அதற்கு ஒரு மில்லிமீட்டர் கீழே. 10.9 கிராம் என்றால் மஞ்சள். கால் லிட்டர் குடித்தால் 27 கிராம் சீனி, ஐந்து தேக்கரண்டிக்கு மேல். ஒரு நாளைக்கே 25 கிராமோடு நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வட்டமோ மஞ்சள், "சரின்னு விட்டுருவோம்" என்று சித்தி சொன்ன அதே மஞ்சள்.

ஆகவே லேபிள் எந்த நிறம் என்பதைவிட, கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்பதில்தான் மொத்த அரசியலும் இருக்கிறது. கோட்டை இழுக்கிற அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

உலகத்தில் இதை முரட்டுத்தனமாகச் செய்துகாட்டிய நாடு சிலி. 2012ல் சட்டம் போட்டு, 2016 ஜூனில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எட்டுக்கோணம், உள்ளே வெள்ளை எழுத்தில் "சர்க்கரை அதிகம்", "உப்பு அதிகம்" என்று. நான்கு விஷயத்திலும் அதிகமென்றால் நான்கு எட்டுக்கோணம். நட்சத்திரம், மதிப்பெண், சதவீதம் என்ற பேச்சே இல்லை. எட்டுக்கோணம் வாங்கிய பண்டத்தைப் பள்ளிக்கூடத்தில் விற்கக்கூடாது, குழந்தைகளை நோக்கி விளம்பரம் செய்யக்கூடாது, பாக்கெட்டில் கார்ட்டூன் புலி, முயல் எதுவும் இருக்கக்கூடாது. முதல் ஒன்றரை வருஷத்தில் எட்டுக்கோணம் போட்ட பானங்களை வீடுகள் வாங்குவது 23.7 சதவீதம் குறைந்ததாக 2020ல் வெளியான ஆய்வு சொன்னது. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்த பிள்ளைகள் கடையில் அம்மாவின் கையைப் பிடித்து "இதுல கறுப்பு இருக்கு" என்று தடுத்த கதைகளும் பதிவாகியிருக்கின்றன.

எனக்கு அந்த 23.7ஐவிட இன்னொரு கணக்குதான் பெரிதாகப் பட்டது. சட்டம் வருவதற்கு முன்பு, கடை அலமாரியில் உள்ள பாக்கெட்டுகளில் 51 சதவீதம் ஏதாவதொரு எட்டுக்கோணத்துக்குத் தகுதியாக இருந்தன. வந்த பிறகு 44. யாரும் எதையும் வாசிக்காமலேயே, கடைக்கே போகாமலேயே, ஆலைக்குள் சீனியும் உப்பும் குறைந்திருக்கிறது. எச்சரிக்கை லேபிளை முதலில் வாசிப்பது தயாரிப்பாளன். அவன்தான் மிகக் கவனமாகவும் வாசிக்கிறான்.

இங்கேயும் ஒருமுறை இது நடந்தது, சட்டமே இல்லாமல். 2023ல் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர், குழந்தைகள் பாலில் கலக்கிக் குடிக்கும் போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை என்று ஒரு வீடியோ போட்டார். வக்கீல் நோட்டீஸ் போனது, அவர் வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். ஆனால் அதற்குள் ஊரே பார்த்துவிட்டது. அந்த வருஷக் கடைசிக்குள் அதில் சேர்க்கும் சர்க்கரையைக் கம்பெனி குறைத்தது. அடுத்த ஏப்ரலில், இணையக் கடைகள் இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின்கீழ் விற்கக்கூடாது என்று மத்திய அரசு சொன்னது. பின்பக்கம் எழுதியிருந்ததை ஒருவர் முன்பக்கம் கொண்டுவந்தார், அவ்வளவுதான் நடந்தது.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். எனக்கு அதன்மேல் ஏன் இத்தனை எரிச்சல் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நட்சத்திரக் கணக்கில் சர்க்கரைக்கும் உப்புக்கும் மதிப்பெண் கழிப்பார்கள். அதே நேரம் பருப்பு, கொட்டை, சிறுதானியம், நார்ச்சத்து, புரதம் எல்லாவற்றுக்கும் கூட்டுவார்கள். கழித்ததைக் கூட்டியது மறைத்துவிடும். மாமாவின் மிக்சரில் கடலையும் முந்திரியும் இருக்கிறதே, அதற்கு இரண்டு நட்சத்திரம் விழுந்தால் அவர் என்ன நினைப்பார்? இரண்டு நட்சத்திர ஓட்டல் என்றால் மோசமான ஓட்டல் என்றா நினைக்கிறோம்? ஒரு நட்சத்திரமும் நட்சத்திரம்தான், ஒருவகைப் பாராட்டுதான். மும்பை மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் ஆறு மாநிலங்களில் 2,869 பேரிடம் இந்த லேபிள்களைக் காட்டிச் சோதித்தது. எச்சரிக்கைக் குறி போட்ட பாக்கெட்டைப் பார்த்தவர்களில் கிட்டத்தட்ட 61 சதவீதம் பேர் எதில் எது அதிகம் என்று சரியாகச் சொன்னார்கள். எதுவும் போடாத பாக்கெட்டைப் பார்த்தவர்களில் 39.

கம்பெனிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு, அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. இப்படி அளந்தால் நம் ஊர்ப் பாரம்பரியத் தின்பண்டம் அத்தனையும் சிவப்பு வாங்கும் என்கிறார்கள். உண்மைதான். எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகுதான் உயிர். உடன்குடிக் கருப்பட்டி முழுக்க முழுக்க இனிப்பு. தூத்துக்குடி மக்ரூனில் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் போக மிச்சமெல்லாம் சீனி. மூன்றுக்கும் குறி விழும். விழட்டுமே! கடலைமிட்டாய் சாப்பிடுகிறவன் அதில் இனிப்பு இருப்பது தெரியாமலா சாப்பிடுகிறான்? அங்கே லேபிள் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை, யாரும் அதைப் பார்த்து மிரண்டு ஓடப்போவதும் இல்லை. லேபிளுக்கு வேலை இருப்பது தக்காளி சாஸில், "முழு தானியம்" என்று போட்ட காலை உணவில், "பழச்சாறு" என்று மாம்பழப் படம் போட்ட டப்பாவில். இனிப்பென்று நினைக்காமல் வாங்குகிற இடங்கள் அவை. கருப்பட்டியை முன்னால் நிறுத்தி அதன் முதுகுக்குப் பின்னால் பழச்சாறு டப்பா ஒளிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

பயமுறுத்தினால் மட்டும் போதும் என்று நினைப்பதும் தப்பு. புகையிலைப் பாக்கெட்டில் படம் போட ஆரம்பித்தது 2009 மே 31ல். அப்போது வாயில் போடும் புகையிலைக்கு என்ன படம் கொடுத்தார்கள் தெரியுமா? தேள். புற்றுநோய்க்கும் தேளுக்கும் என்ன சம்பந்தமென்று புகையிலைப் பொட்டலம் வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். தேள் மார்க் என்று ஒரு புது பிராண்ட் வந்திருப்பதாக நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். பிறகு நேரடியான படங்கள் வந்தன, 2016 ஏப்ரலில் பாக்கெட்டில் 85 சதவீதம் எச்சரிக்கைக்கே ஒதுக்கப்பட்டது. அதையடுத்த தேசிய கணக்கெடுப்பில் சிகரெட் பிடிப்பவர்களில் 62 சதவீதமும் பீடி பிடிப்பவர்களில் 54 சதவீதமும் அந்தப் படத்தைப் பார்த்து விட்டுவிடலாமா என்று யோசித்ததாகச் சொன்னார்கள். யோசிப்பது வேறு, விடுவது வேறு, தெரியும். ஆனால் தேள் யாரையும் யோசிக்கவைத்திருக்காது.

இனி நம் மொழி. சித்தி கொண்டுவந்த பாட்டிலில் சீனி என்று தமிழில் இருந்தது. நம் ஊரில் நெய்யும் முறுக்கும் தயாரிக்கிற ஆலை சிப்காட்டிலேயே இருந்தாலும், பெட்டியின் முன்பக்கத்தில் பெயரைப் பெரிய தமிழ் எழுத்தில் போட்டாலும், பின்பக்க அட்டவணையைத் தமிழில் போடவேண்டிய கட்டாயம் இல்லை. 2020 விதிப்படி ஆங்கிலம், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தி, இரண்டில் ஒன்று இருந்தால் போதும். மற்ற மொழி அவரவர் விருப்பம். விற்பதற்குத் தமிழ், எச்சரிப்பதற்கு ஆங்கிலம். காஃபின் அதிகமுள்ள பானங்களில் "குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்ததல்ல" என்று போட்டிருக்கிறார்கள், பொடி ஆங்கில எழுத்தில், பாட்டிலின் வளைவில். பள்ளி விட்டதும் டியூஷனுக்குப் போகிற வழியில் அதை வாங்கிக் குடிக்கிற பையனும் வாசித்ததில்லை, காசு கொடுத்தனுப்பிய அம்மாவும் வாசித்ததில்லை.

உள்ளே இருப்பது தெரியாமல் வாங்குவது எங்கள் கடற்கரைக்குப் புதிதில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு. ஏலம் எடுத்தவன் வீட்டுக்குப் போய்த் திறந்தால் முத்தும் இருக்கலாம், வெறும் சதையும் இருக்கலாம். 1961ல் நடந்ததுதான் இந்தக் கடலில் கடைசிக் குளிப்பு. அந்த ஏலத்தில் ஒரு நேர்மை இருந்தது: உள்ளே என்ன இருக்கிறதென்று விற்றவனுக்கும் தெரியாது. மிக்சர் பாக்கெட் விற்பவனுக்கு மில்லிகிராம் வரை தெரியும்.

எல்லாம் சரி, இந்த லேபிள் எங்கே ஒட்டப்படும் என்று யோசிக்கும்போதுதான் எனக்கு உண்மையான கவலை வருகிறது. எங்கள் தெரு அண்ணாச்சி கடை முன்னால் தோரணம் மாதிரித் தொங்குவது ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வியாபாரம் முழுக்க அங்கேதான். நூறு சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரப்பில்லாத பொட்டலத்துக்கு மூலப்பொருள் பட்டியலும் சத்து அட்டவணையும் போடுவதிலிருந்து விதியே விலக்குக் கொடுக்கிறது. பெரிய பெட்டியில் இருந்தால் போதுமாம். அந்தப் பெட்டியை அண்ணாச்சி கிழித்து அன்றைக்கே பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிடுகிறார். முன்பக்க எச்சரிக்கைக்கும் இதே விலக்கைக் கொடுத்துவிட்டால், அந்த அளவுக்குள் அடங்குகிற சின்னப் பொட்டலங்கள் சுத்தமாகத் தப்பித்துவிடும். குறி விழுவது சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி உருட்டுகிறவர்களுக்கு மட்டும். அவர்களில் பலர் ஏற்கெனவே போனில் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "பொட்டலத்துல முன்பக்கம் பெருசா 'உப்பு அதிகம்'னு போட்டா உங்க வியாபாரம் படுத்துருமா அண்ணாச்சி?"

சரத்தை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "திருப்பித் தொங்கவிட்டுருவேன் தம்பி. பின்பக்கம் தெரியும்."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார், ஆனால் இதை விதி எழுதுகிறவர்கள் காதில் போடவேண்டும். பொட்டலத்துக்கு இரண்டு பக்கமும் குறி இருக்கவேண்டும், சின்னப் பொட்டலத்துக்கு விலக்குக் கூடாது, தமிழ்நாட்டில் விற்றால் தமிழில் இருக்கவேண்டும். வரைவு மறுபடியும் பொதுமக்கள் கருத்துக்கு வருமானால் இந்த மூன்றையும் எழுதி அனுப்பப்போகிறேன். மாமாவும் ஒரு கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார், மிக்சரை நிறுத்துவதைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.